பென்னர்லி இரும்பு ரயில் பாலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், எரிவாஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே நிற்கிறது. ஒரு முனை டார்பிஷயரில் உள்ள இல்கெஸ்டன் ஊரை ஒட்டியும், மறுமுனை நாட்டிங்ஹாம்ஷயரின் ஆஸ்வர்த் பக்கமும் இருக்கின்றன. எரிவாஷ் ஆறுதான் இரண்டு மாவட்டங்களுக்கும் எல்லை. ஆகவே பாலத்தில் நடப்பவர் பாதி வழியில் மாவட்டம் மாறிவிடுவார்.

நீளம் 1,452 அடி, அதாவது சுமார் 443 மீட்டர். ஆற்றிலிருந்து ஏறக்குறைய 60 அடி உயரம். 1876-77இல் கட்டினார்கள். 1878 ஜனவரியில் சரக்கு ரயிலும் ஏப்ரலில் பயணிகள் ரயிலும் ஓடத் தொடங்கின. விக்டோரியா ராணி காலத்து இரும்புப் பாலங்களிலேயே இது உயரமானதும் இல்லை, நீளமானதும் இல்லை. ஆனால் அந்த உயரமான, நீளமான பாலங்கள் பெரும்பாலும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. இது இன்னும் நிற்கிறது. ஏன் என்பது கீழே வரும்.

வயடக்ட் என்கிறார்களே, அது பாலம்தானே?

பாலம்தான். ஆற்றை மட்டும் தாண்டுவது சாதாரணப் பாலம். ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும், அதில் உள்ள வயல், வாய்க்கால், சாலை எல்லாவற்றோடும் சேர்த்து வரிசைத் தூண்கள் மேல் தாண்டுவது வயடக்ட். பென்னர்லிக்குக் கீழே உள்ள எரிவாஷ் ஆறு அப்படியொன்றும் பெரியதில்லை. பள்ளத்தாக்குதான் அகலம். தமிழில் நமக்குத் தனிச்சொல் புழக்கத்தில் இல்லாததால் இங்கே பாலம் என்றே எழுதுகிறேன்.

அங்கே ரயில் பாதை போடும் அளவுக்கு என்ன அவசியம்?

நிலக்கரி. எரிவாஷ் பள்ளத்தாக்கு முழுக்கச் சுரங்கங்கள். அந்தக் கரியை ஏற்றிச் செல்லும் வேலை பெரும்பாலும் மிட்லண்ட் ரயில்வே என்ற கம்பெனியின் கையில் இருந்தது. போட்டிக் கம்பெனியான கிரேட் நார்தர்ன் ரயில்வே அந்தக் கரியில் பங்கு கேட்டது. இரண்டு கம்பெனிக்கும் கட்டணத் தகராறு முற்றியது. கடைசியில் கிரேட் நார்தர்ன், "நீ என்ன தருவது, நானே பாதை போட்டுக்கொள்கிறேன்" என்று நாட்டிங்ஹாம் பக்கத்திலிருந்து டார்பி வரை தனிப்பாதை போட இறங்கிவிட்டது. வழியில் எரிவாஷ் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கின் அடியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததோ மிட்லண்டின் தண்டவாளம். அதன் தலைக்கு மேலேயே பாலம் போட்டாகிவிட்டது.

செங்கல்லில் கட்டாமல் இரும்பில் கட்டியது ஏன்? அழகுக்காகவா?

அழகுக்காக இல்லை, மண்ணுக்குப் பயந்து.

அந்தக் காலத்தில் பள்ளத்தாக்கைத் தாண்ட இங்கிலாந்துக்காரர்கள் முதலில் நினைப்பது செங்கல் வளைவுகளைத்தான். இதே கம்பெனி, இதே வட்டாரத்தில், சில மைல் தள்ளி கில்ட்புரூக் என்ற இடத்தில் 43 செங்கல் வளைவுகள் கொண்ட பாலம் கட்டியது. ஊர்க்காரர்கள் அதை 'நாற்பது பாலம்' என்ற அர்த்தத்தில் 'ஃபார்ட்டி பிரிட்ஜஸ்' என்பார்கள். மூன்றைக் கழித்துச் சொல்வதில் ஒரு சௌகரியம் போல.

ஆனால் பென்னர்லியின் அடியில் சுரங்கம் தோண்டித் தோண்டி நிலம் நம்ப முடியாததாகிவிட்டது. கரியை எடுத்த வெற்றிடம் இன்றில்லாவிட்டால் நாளை கொஞ்சம் இறங்கும். செங்கல் வளைவுக்கு அதுதான் எமன். வளைவு ஒவ்வொன்றும் பக்கத்து வளைவைத் தள்ளிக்கொண்டும் தாங்கிக்கொண்டும் நிற்கிறது. நெரிசல் பஸ்ஸில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நிற்பது மாதிரி. நடுவில் ஒரு தூண் சில அங்குலம் இறங்கினால் அதற்கு இரண்டு பக்கமும் உள்ள வளைவுகள் வெடிக்கும், தள்ளுவிசை தடம் மாறும், சேதம் அடுத்த வளைவுக்குப் பரவும். அதோடு செங்கல்லின் கனமே பெரிய பாரம். ஏற்கெனவே தளர்ந்த நிலத்தை அது இன்னும் அழுத்தும்.

இரும்பில் இரண்டு லாபம். ஒன்று, எடை குறைவு. இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: ஒவ்வொரு கண்ணும், அதாவது இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு இடைவெளியும், தனி கர்டர், அதாவது பாரம் தாங்கும் இரும்பு உத்தரம். ஒரு முனை இந்தத் தூணில், மறுமுனை அந்தத் தூணில் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் இருப்பதைத் தள்ளுவதில்லை. ஒரு தூண் சற்று இறங்கினாலும் கர்டர் கொஞ்சம் சாயுமே தவிர உடையாது.

யார் கட்டினார்கள்?

வடிவமைப்பு, கிரேட் நார்தர்னின் தலைமைப் பொறியாளர் ரிச்சர்ட் ஜான்சன். களத்தில் நின்று வேலையைப் பார்த்தவர் சாமுவேல் ஆபட். இரும்பு வேலை முழுக்க டார்பியில் இருந்த ஈஸ்ட்வுட் ஸ்விங்லர் கம்பெனியுடையது. வெயிலிலும் பனியிலும் ரிவெட் ஆணி அடித்தவர்களின் பெயர், வழக்கம்போல, எங்கேயும் பொறிக்கப்படவில்லை.

வார்ப்பிரும்பு, தேனிரும்பு, எஃகு: எல்லாம் இரும்புதானே, என்ன வித்தியாசம்?

பென்னர்லியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வித்தியாசம் பெரும்பாலும் கார்பன் அளவில். ஊதுலையிலிருந்து வரும் இரும்பில் 3, 4 சதவீதம் கார்பன் இருக்கும். அதை உருக்கி அச்சில் ஊற்றினால் வார்ப்பிரும்பு. மேலே பாரம் வைத்து அமுக்கினால் மலை மாதிரி நிற்கும். இழுத்தாலோ வளைத்தாலோ முன்னறிவிப்பே இல்லாமல் பட்டென்று உடையும். நம் வீட்டு வார்ப்பிரும்பு தோசைக்கல் கீழே விழுந்து இரண்டாகப் போனதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அந்தக் கார்பனை ஏறக்குறைய முழுவதும் எரித்து வெளியேற்றினால் கிடைப்பது தேனிரும்பு. பள்ளிப் புத்தகத்தில் படித்த அதே பெயர்தான். 1784இல் ஹென்றி கார்ட் காப்புரிமை வாங்கிய முறையில் அதைச் செய்தார்கள். உலைக்குள் உருகிக் கிடக்கும் இரும்பை ஒருவர் நீண்ட கம்பியை விட்டுக் கிளறிக்கொண்டே இருப்பார். கிளறக் கிளறக் கார்பன் எரிந்து போகும். கார்பன் குறையக் குறைய இரும்பின் உருகுநிலை ஏறும். அந்த உலையால் அவ்வளவு சூட்டை எட்ட முடியாது. ஆக, அடுப்பு அதே சூட்டில் இருக்கும்போதே உள்ளே இருப்பது இறுகத் தொடங்கும். அல்வா கிண்டியவர்களுக்கு அந்தக் கட்டம் தெரியும்: தளதளவென்று இருந்தது திடீரென்று சட்டியை விட்டுப் பிரிந்து கரண்டியோடு உருண்டு வரும். அந்தப் பதத்தில் உருண்டையை இடுக்கியால் வெளியே இழுத்துப் பெரிய சம்மட்டிக்கு அடியில் போடுவார்கள். உள்ளே சிக்கிய கசடு தீப்பொறியோடு பிதுங்கித் தெறிக்கும். முழுவதும் போகாது. மிச்சக் கசடு, பிறகு உருளைகளுக்கு நடுவே இரும்பை இழுக்கும்போது, அதோடு சேர்ந்து மெல்லிய நூலாக நீளும்.

அதனால் தேனிரும்புத் துண்டு ஒன்றைப் பாதி வெட்டி, மீதியை வளைத்து முறித்தால் உள்ளே கரும்பு முறித்த மாதிரி நார் நாராகத் தெரியும். வார்ப்பிரும்பை உடைத்தால் கற்கண்டு மாதிரி பொடிப்பொடிப் படிகம். தேனிரும்பு இழுப்பையும் தாங்கும், உடைவதற்கு முன்னால் வளைந்து எச்சரிக்கும்.

எஃகு இரண்டுக்கும் நடுவில்: கொஞ்சம் கார்பன், கசடு இல்லை. மூன்றிலும் பலமானது அதுதான்.

அப்படியானால் எஃகிலேயே கட்டியிருக்கலாமே?

ஹென்றி பெசமர் என்ற கண்டுபிடிப்பாளர் 1856இலேயே மலிவாக எஃகு செய்யும் வழியைச் சொல்லிவிட்டார். ஆனால் ரயில் பாலத்தில் எஃகைப் பயன்படுத்த ரயில்வேயை மேற்பார்த்த அரசு அமைப்பான பிரிட்டனின் வாணிப வாரியம் 1877இல்தான் அனுமதித்தது. சதுர அங்குலத்துக்கு 6.5 டன் வரை சுமை ஏற்றலாம் என்று வரம்பும் வைத்தது. பென்னர்லி வேலை அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கியாகிவிட்டது. பிறகு 1890இல் ஸ்காட்லாந்தில் திறந்த ஃபோர்த் ரயில் பாலம் எஃகில் எழுந்தது. தேனிரும்பின் கடைசிப் பெரிய ஆட்டம் 1889இல் பாரிஸில் நடந்தது. ஆமாம், ஈஃபெல் கோபுரம் எஃகு இல்லை, தேனிரும்பு.

பாலத்தின் அமைப்பை விளக்க முடியுமா?

கீழிருந்து வருவோம். அடியில் செங்கல் பீடங்கள், அவற்றின் தலையில் கருங்கல் போலக் கடினமான உள்ளூர் மணற்கல். அதன் மேல் இரும்புத் தூண்கள். தூண் என்றாலும் அது ஒற்றைக் கால் இல்லை, பல குழாய்க்கால்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு. ஓரத்துக் கால்கள் கொஞ்சம் வெளியே சாய்ந்து முட்டுக் கொடுக்கின்றன, பந்தலுக்கு முட்டு வைப்பது போல. காற்று பக்கவாட்டில் தள்ளும்போது பாலம் கவிழாமல் பிடிப்பது அந்தச் சாய்வுதான்.

குழாய்க்கால் செய்த விதம் எனக்குப் பிடித்த சங்கதி. அவ்வளவு பெரிய குழாயை ஒரே துண்டாகச் செய்வது அன்று கஷ்டம். அதனால் கால்வட்டமாக வளைந்த, ஓரத்தில் மடிப்பு உள்ள நான்கு நீண்ட தகடுகளைச் சேர்த்து, மடிப்பில் ரிவெட் அடித்து முழுக் குழாய் ஆக்கினார்கள். உள்ளே வெறுமை. மூங்கில் எப்படிக் குறைந்த கனத்தில் நெளியாமல் நிற்கிறதோ அதே கணக்கு: பொருளை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிவைத்தால் நெளிவது குறையும்.

மேலே 16 கண்கள், ஒவ்வொன்றும் 76 அடி 7 அங்குலம். ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் ஓடும் சட்டக கர்டர்கள். வீட்டு வாசலில் இழுத்துப் பூட்டும் கொலாப்சிபிள் கேட்டைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி இருக்கும். இந்த 16 போக, இல்கெஸ்டன் பக்கம் வேறு வகைக் கண்கள் சில இருந்தன. சட்டகத்தில் ஓட்டை நிறைய இருப்பதால் காற்று புகுந்து போய்விடும். தூரத்திலிருந்து பார்த்தால் பாலம் வானத்தில் பென்சிலால் கோடு கிழித்தது போலத்தான் தெரிகிறது. உள்ளூரில் செல்லப்பெயரோ 'இரும்பு ராட்சசன்'.

ரிவெட் என்றால் என்ன? போல்ட் போட்டால் ஆகாதா?

ஒரு பக்கம் தலை உள்ள சிறிய இரும்புத் தண்டுதான் ரிவெட். சின்னக் கரி உலையில் அதைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். சூடாக்கும் ஆள் இடுக்கியால் எடுத்துப் போடுவார் அல்லது வீசுவார், இன்னொருவர் வாங்கி, இரண்டு தகடுகளிலும் பொருந்தி நிற்கும் ஓட்டையில் சொருகுவார். ஒருவர் தலைப்பக்கம் கனமான இரும்பை வைத்து அழுத்திப் பிடிக்க, மறுபக்கம் இரண்டு பேர் மாறி மாறிச் சம்மட்டி போட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் முனையை உருண்டைத் தலையாக்குவார்கள். சில விநாடிகளில் முடிய வேண்டும், சிவப்பு ஆறினால் அந்த ரிவெட் வீண்.

சூட்சுமம் அதற்கப்புறம் இருக்கிறது. ரிவெட் ஆறும்போது சுருங்கும். இரண்டு தலைகளும் நடுவில் உள்ள தகடுகளை நெரித்துப் பிடிக்கும். ரயில் அதிர்வில் மரை கழன்றுவிடும் பயம் இல்லை, ஏனென்றால் மரையே இல்லை. சரி, கழற்ற வேண்டுமானால்? ஒவ்வொன்றின் தலையையும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் இரும்பு நீளுமே?

நீளும். 443 மீட்டர் இரும்பை ஒரே துண்டாக வைத்திருந்தால், கடுங்குளிருக்கும் நல்ல வெயிலுக்கும் இடையே 40 டிகிரி வித்தியாசத்தில் சுமார் 20 சென்டிமீட்டர் நீளும். தனித்தனிக் கண்ணாக இருப்பதால் அந்த நீட்சியை ஒவ்வொரு கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்கிறது.

அதே காலத்தில் கட்டிய டே பாலம் விழுந்துவிட்டதே? இது எப்படித் தப்பித்தது?

ஸ்காட்லாந்தின் டே பாலம் 1878 ஜூனில் திறந்தது, பென்னர்லிக்குச் சில மாதம் இளையது. 1879 டிசம்பர் 28, ஞாயிறு இரவு, புயலில் அதன் உயரமான நடுப்பகுதி, 13 கர்டர்கள், மேலே போய்க்கொண்டிருந்த ரயிலோடு ஆற்றில் விழுந்தன. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அதன் தூண்கள் வார்ப்பிரும்பு. தூண்களைக் குறுக்கே பிணைக்கும் கம்பிகள், தூணோடு சேர்த்து வார்த்த காதுகளில் மாட்டப்பட்டிருந்தன. காற்று தள்ளியபோது அந்தக் காதுகளுக்கு வந்தது இழுவிசை. வார்ப்பிரும்புக்கு ஆகாதது அதுதான். பட் பட்டென்று பிய்ந்துவிட்டன. வார்ப்பில் விழுந்த ஓட்டைகளை மெழுகு, இரும்புத் தூள், புகைக்கரி கலந்த பசையால் அடைத்து மேலே பூசி மறைத்ததும் விசாரணையில் வெளிவந்தது. காற்றின் தள்ளலுக்கென்று தனியாகக் கணக்குப் போடவும் இல்லை.

பென்னர்லியில் இழுப்பு வரும் இடம் எல்லாம் தேனிரும்பு, கால்கள் சாய்ந்த முட்டு, உயரமும் மிதம். ஆனால் டே பாலத்தைக் கட்டிய தாமஸ் பௌச்சை மட்டமான பொறியாளர் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவரே 1860இல் வார்ப்பிரும்புக் கால்களோடு பீலா என்ற இடத்தில் 196 அடி உயரப் பாலம் கட்டினார். அது காற்றுக்குப் பேர்போன மலைப்பகுதியில் நூறு வருஷம் நின்றது. விழவில்லை, 1963இல் ரயில்வேக்காரர்களாகத்தான் பிரித்தார்கள். அங்கே கால்களை அகலமாகப் பரப்பி வைத்திருந்தார். டே ஆற்றில் அந்த அகலம் கிடைக்கவில்லை, வார்ப்பு வேலையைக் கண்காணிக்கவும் ஆள் இல்லை.

முதல் உலகப் போரில் குண்டு போட்டார்களாமே?

1916 ஜனவரி 31 இரவு ஜெர்மனியின் ஜெப்பலின் ஆகாயக் கப்பல்கள் இங்கிலாந்தின் நடுப்பகுதிக்குள் வந்தன. அதில் எல்-20 என்ற கப்பல் போட்ட குண்டு பாலத்துக்கு வடக்கே மிட்லண்ட் தண்டவாளத்தில் விழுந்தது. பாலம் தப்பியது. மிட்லண்டுக்குத்தான் அடி.

ரயில் நின்ற பிறகும் ஏன் இடிக்கவில்லை?

இடிக்கத்தான் பார்த்தார்கள். 1964இல் பயணிகள் ரயில் நின்றது, 1968இல் பாதையே மூடப்பட்டது. கில்ட்புரூக்கின் 43 செங்கல் வளைவுகளை 1973இல் சாலைக்காக இடித்துத் தள்ளினார்கள். பீலா அதற்குப் பத்து வருஷம் முன்பே போய்விட்டது. வேல்ஸில் 200 அடி உயரத்தில் நின்ற கிரம்லின் பாலமும் அறுபதுகளிலேயே போனது.

பென்னர்லியில் மட்டும் கணக்கு இடித்தது. பொதுவாகச் சொல்லப்படும் காரணம், தேனிரும்பை கேஸ் வைத்து வெட்ட முடியாது என்பது. இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கேஸ் கட்டிங்கில் தேனிரும்பு வெட்டுப்படும். ஆனால் நடுவில் ஓடும் கசடு நூல் இரும்பு மாதிரி எரியாது, வெட்டு சீராகப் போகாமல் இழுபடும். வெட்டிச் சாய்க்கவும் முடியாது, கீழே மிட்லண்ட் பாதையில் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. மிச்சம் உள்ள ஒரே வழி, கட்டியதைப் போலவே ஒவ்வொரு ரிவெட்டாகக் கழற்றுவது. ஆக, பழைய இரும்பு விற்று வரும் காசைவிடப் பிரிக்கும் கூலி எகிறியது. வேண்டாம் என்று யாரும் மனம் மாறவில்லை, கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

இழுத்தடித்த அந்த இடைவெளியில் 1974இல் பாலம் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இரண்டாம் தர நட்சத்திர நிலையில் (Grade II*) ஏறியது. 1980இல் இடிப்பது பற்றிப் பொது விசாரணை நடந்தது, அனுமதி மறுக்கப்பட்டது.

பிறகு 40 வருஷம் என்ன ஆனது?

ஒன்றும் ஆகவில்லை. முனையில் இருந்த மண்கரை போய்விட்டதால் பாலத்துக்கு ஏறும் வழியே இல்லை. அந்தரத்தில் தொடங்கி அந்தரத்தில் முடியும் பாலமாக நின்றது. பிறகு, மூடப்பட்ட ரயில் பாதைகளை நடைபாதையாக்குவதற்காக ஏற்பட்ட ரயில்வே பாத்ஸ் என்ற அறக்கட்டளையிடம் வந்தது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் 'பென்னர்லி பாலத்தின் நண்பர்கள்' என்று சங்கம் கூட்டினார்கள். 2017இல் லாட்டரி பாரம்பரிய நிதிக்கு விண்ணப்பித்துக் கிடைக்கவில்லை. உலக நினைவுச்சின்ன நிதியம் 2020ஆம் ஆண்டுக்கு, கவனிக்கவேண்டிய 25 இடங்கள் என்று வெளியிட்ட பட்டியலில் பாலம் இடம்பிடித்தது. அதற்கப்புறம் பணம் வந்தது, பழுதுபார்ப்பும் வேகம் பிடித்தது. 2022 ஜனவரியில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் திறந்துவிட்டார்கள்.

இவ்வளவு காலம் துருப்பிடிக்கவில்லையா?

பிடித்தது. ஆனால் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. கசடு நூல்கள் துரு உள்ளே இறங்குவதைக் கொஞ்சம் தடுக்கும் என்பது தேனிரும்பைப் பற்றிப் பட்டறைக்காரர்கள் நெடுநாளாகச் சொல்வது. தண்ணீர் தேங்கும் மூலைகளில் அந்தச் சலுகை இல்லை.

இது போல வேறு பாலம் உண்டா?

இங்கிலாந்தில் இன்னொன்றுதான்: டெவன் மாவட்டத்தில் மெல்டன். 1874இல் கட்டியது, 1879இல் பக்கத்தில் இன்னொரு வரிசை சேர்த்து அகலமாக்கினார்கள். 150 அடிக்கு மேல் உயரம். அதுவும் இப்போது நடைபாதைதான். பார்க்க மெல்டன்தான் கம்பீரம், ஒப்புக்கொள்கிறேன்.

மறுபடி ரயில் ஓடுமா? எப்படிப் போய்ப் பார்ப்பது?

ஓடாது. டார்பி வரை போன அந்தப் பாதை இன்று துண்டு துண்டாகிவிட்டது. போய்ப் பார்க்க நினைத்தால் நாட்டிங்ஹாமிலிருந்து ரயிலில் இல்கெஸ்டன் நிலையத்தில் இறங்கலாம், 2017இல் திறந்த புது நிலையம். அங்கிருந்து நடக்கும் தூரம்தான். நீங்கள் வந்து இறங்கும் தண்டவாளம் மிட்லண்ட் போட்டது. அது பாலத்துக்கு அடியில் இன்றும் ஓடுகிறது.